பச்சை மாவு

என் கையால் சாப்பிட்டு ஒரு குழந்தை மயங்கி விழுந்தது. முப்பது வருடமாகக் கைருவான் நகரில் கல்யாணங்களுக்குச் சமைக்கிறவள் நான். ஒரே நாளில் ஐந்நூறு பேருக்குக் கோதுமை ரவையில் செய்யும் குஸ்குஸை வேகவைத்து இறக்கியிருக்கிறேன். ஒருவருக்கு ஒரு வயிற்றுவலி வந்தது கிடையாது. விழுந்ததும் யாரோ எவரோ பெற்ற பிள்ளை இல்லை. என் தம்பி முன்ஸெஃபின் மகள் யுஸ்ரா. ஆறு வயது.

அவளுக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வயிற்றுக்குள் ஏதாவது போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். அதற்கு டாக்டர்கள் கொடுக்கும் மருந்து என்ன தெரியுமா? சோள மாவு. மளிகைக் கடையில் அட்டைப்பெட்டியில் விற்கிற அதே வெள்ளை மாவு. அதைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து அப்படியே குடிக்க வேண்டும், இரவும் பகலும், அலாரம் வைத்து. என் தம்பி மனைவி ஸலூவா எங்கள் மாமா மகள்தான். கல்யாணத்துக்கு முன்பு தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கியவள். யுஸ்ரா பிறந்ததிலிருந்து அவள் கண்ணுக்குக் கீழே இரண்டு கரிய கோடுகள் நிரந்தரமாகக் குடிவந்துவிட்டன.

பிள்ளையைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பன் ரொட்டி மாதிரிக் கன்னம், முன்னால் தள்ளிய தொப்பை. தெருவில் போகிறவர்கள் "மாஷா அல்லாஹ், வீட்ல நெய்யும் கறியுமா ஓடுது போல" என்பார்கள். நான் பக்கத்தில் இருந்தால் அந்தப் பாராட்டைக் கை நீட்டி வாங்கிக்கொள்வேன். வாரம் இரண்டு சட்டி கறிக்குழம்பு என் வீட்டிலிருந்துதான் போகிறது. அந்தத் தொப்பையில் பாதி என் கைவண்ணம் என்றே நான் நம்பியிருந்தேன்.

ஸலூவா பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வழக்கமாகப் பிள்ளையைத் தன்னோடு கூட்டிப்போய் வகுப்பிலேயே உட்கார வைத்துக்கொள்வாள். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பதால் முதல் தடவையாக என்னிடம் விட்டாள். ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே மூடி போட்ட இரண்டு சின்ன டப்பாவில் மாவு, எடை போட்டு.

"மதினி, பத்து மணிக்கு ஒண்ணு, ஒரு மணிக்கு ஒண்ணு. பச்சைத் தண்ணியில கலக்கி அப்படியே குடுத்துடுங்க. சர்க்கரை வேணாம், பால் வேணாம், பழம் வேணாம்."

"முப்பது வருஷமா அடுப்படியில கிடக்குறேன். ஒரு டம்ளர் மாவு கலக்க எனக்கே கிளாஸ் எடுக்குறியா?"

"கிளாஸ் எடுக்கல மதினி. சொல்றேன்."

"சொல்லிட்டல்ல, கிளம்பு. வண்டி போயிடும்."

பத்து மணிக்குக் கலக்கினேன். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி இருந்தது. யுஸ்ரா டம்ளரை வாங்கினாள், கண்ணை மூடினாள், தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை நாளில் அவளே பழகிக்கொண்டது. என் வீட்டில், என் அடுப்படியில், ஒரு பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவதா?

டம்ளரை அவள் கையிலிருந்து வாங்கி மாவைச் சின்னச் சட்டியில் ஊற்றினேன். மூன்று நிமிடம்தான். கிண்டக் கிண்டக் கெட்டியாகிப் பளபளவென்று வந்தது. நாலு சொட்டுப் பன்னீர் விட்டேன். சர்க்கரை போடவில்லை, பால் ஊற்றவில்லை, பழம் கிட்டவே கொண்டுபோகவில்லை. ஸலூவா வேண்டாம் என்று சொன்ன மூன்றையும் தொடவில்லை. அதனால் அவள் பேச்சை மீறியதாகவே எனக்குத் தோன்றவில்லை.

யுஸ்ரா ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை, இது எந்த மாவு?"

"அதே மாவுதான்டி."

"பொய் சொல்ற."

கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டாள். அன்றைக்குக் காலையில் என்னைவிடக் கர்வமாக ஒருத்தி கைருவானில் இருந்திருக்க மாட்டாள்.

பன்னிரண்டே கால் இருக்கும். இரண்டு பேரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று யுஸ்ரா முறுக்கிக்கொண்டாள். நான் கேட்டதற்கெல்லாம் ஏடாகூடமாகப் பதில் சொன்னாள். கிண்ணத்தைத் தட்டிவிட்டாள், பட்டாணி அறை முழுக்க ஓடியது. நான் திட்டினேன். அதைத்தான் இன்றைக்கு வரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பிள்ளை விழுந்துகொண்டிருந்தது, நான் கொழுப்பு என்று திட்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவள் நெற்றியெல்லாம் வியர்வை. சுவரில் சாய்ந்தவள் அப்படியே சரிந்தாள். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

ஸலூவாவுக்குப் போன் போட்டேன். நான் என்ன உளறினேனோ தெரியாது. அவள் குரல் மட்டும் நிதானமாக வந்தது.

"பையில முன் ஜிப்ப திறங்க. குளுக்கோஸ் இருக்கும். விரல்ல தொட்டு ஈறுல தேய்ங்க. விடாம தேய்ங்க. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

பக்கத்து வீட்டு கமேல் வண்டியை எடுத்தார். பின் சீட்டில் அவளை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் "அத்தை, விரல எடு" என்றாள். நான் அழுதேன்.

ஸலூவா ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள். கையெல்லாம் சாக்பீஸ். பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள், தொங்குகிற குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"சூடு பண்ணீங்களா மதினி?"

"லேசா..."

தலையை ஆட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கொடுத்திருப்பேன், இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம். அவள் அதற்கும் வழி விடவில்லை.

அதற்குப் பிறகு யுஸ்ரா என் வீட்டுக்கு வரவில்லை. வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. போன் பண்ணினால் முன்ஸெஃப் எடுத்து, "அவளுக்குச் சளி, அக்கா" என்பான். இரண்டு மாதமாக ஒரே சளி. ஸலூவா சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டாள் என்று வேறொருவர் மூலமாகத்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு வருத்தம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அதே மாவு. அதே எடை. அதே தண்ணீர். ஒரு துளி கூடச் சட்டியில் ஒட்டவில்லை, பிள்ளை எல்லாவற்றையும் வழித்துத் தின்றது. அப்படியானால் அடுப்பு அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டது? ரொட்டி தட்டும்போதும் இதே நினைப்பு, ஊருக்கெல்லாம் அண்டா அண்டாவாகக் குஸ்குஸ் கிளறும்போதும் இதே நினைப்பு. சமைத்துச் சமைத்தே வயதாகிவிட்டவளுக்கு, வேகவைத்தால் என்ன ஆகிறது என்று தெரியவில்லை.

கமேலிடம் சர்க்கரை பார்க்கிற மெஷின் உண்டு. மக்ரூத் இனிப்புக் கடை வைத்திருக்கிறார். தன் கடைச் சரக்கைத் தானே தின்று நோயாளியானவர்.

"என்ன ரஃபீக்கா, உனக்கும் வந்துடுச்சா?"

"வரல. மாவு தின்னு பாக்கப் போறேன்."

"மாவு எதுக்கு? எங் கடைக்கு வந்து ரெண்டு கிலோ மக்ரூத் தின்னு. ஒரே நாள்ல எங்க சங்கத்துல சேந்துடலாம்."

"உங்க மக்ரூத்ல எண்ணெய்தான் இருக்கு, சர்க்கரை எங்க இருக்கு. மெஷின குடுங்க."

முதல் நாள் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தினேன். எண்பத்தெட்டு. யுஸ்ராவுக்குச் செய்த மாதிரியே மாவைக் காய்ச்சி, எனக்கு ஏற்ற அளவில், சாப்பிட்டேன். முக்கால் மணி நேரத்தில் நூற்று ஐம்பத்தொன்று. இரண்டு மணி நேரத்தில் தொண்ணூறு. நாலு மணி நேரத்தில் எண்பத்தாறு. சமையல் கணக்கு எழுதும் நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். அன்று முழுக்க வேறெதையும் வாயில் போடவில்லை.

மறுநாள் பச்சை மாவு. முதல் வாயிலேயே குமட்டியது. நாக்கில் மண் படிந்த மாதிரி, தொண்டையில் சாக்பீஸ் இறங்குகிற மாதிரி. இதை ஒரு பிள்ளை ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை குடிக்கிறது. நான் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திக் குடித்து முடித்தேன். எண்பத்தேழில் ஆரம்பித்தது, முக்கால் மணி நேரத்தில் தொண்ணூற்றாறு. இரண்டு மணி நேரத்தில் தொண்ணூற்றெட்டு. நாலு மணி நேரத்தில் தொண்ணூற்று மூன்று. விளக்கைச் சின்னதாக வைத்த மாதிரி ஒரே சீராக நின்றது.

நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேகவைத்த மாவு எகிறிக் குதித்து இறங்குகிறது, பச்சை மாவு மெல்ல நடக்கிறது. சரி. ஆனால் நாலாவது மணி நேரத்தில் எண்பத்தாறுக்கும் தொண்ணூற்று மூன்றுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? எண்பத்தாறில் நான் ஜம்மென்று நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேனே. மயக்கம் எங்கே வந்தது? எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. தப்பு என் சட்டியில் இல்லை, கணக்கே சொல்கிறது. பிள்ளைக்கு அன்று வேறு ஏதோ ஆகியிருக்கிறது. நோட்டை எடுத்துக்கொண்டு யுஸ்ராவைப் பார்க்கும் டாக்டர் ஹெலாவிடம் போனேன். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் நோட்டை வாங்கினார். முன்பக்கம் இருந்த ஆட்டுக்கறிக் கணக்கையும் படித்துவிட்டுத்தான் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"இத யார் பண்ணச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. நீங்களே பாருங்க. வேகவச்சதும் நாலு மணி நேரம் தாங்குது. என் மேல வீண் பழி."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டு, தொண்ணூறு என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவை வைத்தார்.

"ரெண்டு மணி நேரத்துல இது. மாவு இங்க தீந்து போச்சு. இதுக்கப்புறம் என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல. தண்ணிகூட அளந்துதான் குடிச்சேன்."

"அப்ப அடுத்த ரெண்டு மணி நேரம் உங்களுக்கு யாரு சோறு போட்டா?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டது கிடையாது. நான் சும்மா நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது, எனக்குத் தெரியாமல் எனக்கு யாரோ ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"உங்க வீட்ல ஊலா போடுவீங்கல்ல?" என்றார் டாக்டர்.

கைருவான்காரியிடம் கேட்கிற கேள்வியா அது? ஆகஸ்டில் மொட்டை மாடி முழுக்கக் குஸ்குஸ் காயப்போட்டு, மிளகாய் கோத்துத் தொங்கவிட்டு, கறியை உப்பில் உலர்த்தி எண்ணெயில் போட்டு, வருடம் முழுதுக்கும் அறையை நிரப்பி வைக்கிற ஊலா. என் வீட்டு ஊலாவைப் பார்க்கவே பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வரும்.

"உங்க ஈரல்லயும் ஒரு ஊலா இருக்கு. சாப்பிடும்போது மிச்சமாகுற சர்க்கரைய அது கோத்துக் கோத்து அடுக்கி வச்சுக்கும். சாப்பிடாத நேரத்துல ஒவ்வொண்ணா அவுத்து ரத்தத்துல விடும். அதனாலதான் எண்பத்தாறு எண்பத்தாறாவே நின்னுச்சு. நீங்க தூங்கும்போதும் அந்த வேலை நடக்குது."

"யுஸ்ராவுக்கு அந்த ஊலா இல்லையா?"

"இருக்கு. உங்கள விட ஜாஸ்தி. உள்ள போற வழி நல்லாருக்கு, வெளிய அனுப்புற கடைசி வேலைக்குத்தான் அவகிட்ட ஆள் இல்ல. பொறக்கும்போதே இல்ல. அதனால நிறைஞ்சு நிறைஞ்சு ஈரலே வீங்கிப் போச்சு. அந்த வயித்த என்னன்னு நினைச்சீங்க?"

நான் அந்த வயிற்றை என்ன என்று நினைத்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. பாராட்டு வாங்கிய ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்து முகம் எரிந்தது. அறை கொள்ளாமல் சாமானை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை என் கண்ணெதிரே பட்டினியில் சரிந்திருக்கிறது.

அடுப்பைப் பற்றியும் கேட்டேன். ஒவ்வொரு மாவுத் துகளும் செடி தன் முளைக்காகக் கட்டி வைத்த இறுக்கமான மூட்டை என்றார். பச்சையாகப் போனால் குடல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிரிக்க முடியும், மணிக்கணக்கில் ஆகும். தண்ணீரும் நெருப்பும் சேர்ந்தால் மூட்டை ஊறி வெடித்துவிடும், குடல் ஒரே மூச்சில் அள்ளிவிடும். அடுப்பு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு ஆசை அடங்கவில்லை. "அந்தச் சர்க்கரை ரத்தத்துக்குள்ள போய் என்னதான் பண்ணுது?" என்றேன். வெளியே நோயாளிகள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்கும் பேச ஆசைதான் போலிருக்கிறது. உடம்பில் இருக்கிற செல் என்ற ஒவ்வொரு சின்ன அறையும் சர்க்கரையை மெல்ல மெல்ல உடைத்து, அதில் கிடைப்பதை வைத்து எண்ண முடியாத குட்டிக் குட்டி பேட்டரிகளை சார்ஜ் பண்ணிக்கொள்கிறதாம். கண் இமைப்பதும் பட்டாணி உரிப்பதும் அந்த பேட்டரியில்தான். ஒரு நேரத்தில் உடம்பு முழுக்க இருப்பது கைப்பிடி அளவே. அதையே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்ற வேண்டும். மூளைக்கு என்று தனி ஊலா கிடையாது, வந்தால்தான் உண்டு. அதனால்தான் முதலில் குணம் மாறியது, பிறகு கண் நின்றது. நான் கொழுப்பு என்று திட்டியது அந்த நேரத்தில்தான்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "கணக்கு நல்லா பண்ணியிருக்கீங்க. ஆனா ஆள் தப்பு. உங்க மேல பண்ணுனா உங்க ஈரல் காப்பாத்திடும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "போய் அவங்க வீட்டுல ஒரு வேளை மாவு குடுக்கும்போது பாருங்க" என்றார்.

மறுநாள் காலை போனேன். சொல்லிவிட்டுப் போகவில்லை. கதவைத் திறந்த ஸலூவாவைப் பார்த்து ஒரு கணம் யாரோ என்று நினைத்துவிட்டேன், அவ்வளவு வற்றிப்போயிருந்தாள். யுஸ்ரா அடுப்படித் தரையில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் டம்ளர். சட்டையெல்லாம் வெள்ளையாகச் சிந்தியிருந்தது.

"அன்னிக்கிலேர்ந்து இப்படித்தான்" என்றாள் ஸலூவா. "உங்க கையால தின்ன ருசிய மறக்க மாட்டேங்குறா. அத்தை மாவுதான் வேணுமாம். ஒவ்வொரு வேளையும் சண்டை. ராத்திரி தூக்கத்துலயே துப்புறா. இந்த வாரமும் சரியா குடிக்கலன்னா மூக்கு வழியா டியூப் போடணும்னு சொல்லிட்டாங்க."

நான் ஒரு நாள் செய்த தப்பு என்று நினைத்திருந்தேன். அது ஒவ்வொரு மூன்று மணி நேரத்துக்கும் ஒரு தடவை இந்த வீட்டில் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

டம்ளரில் நாலு சொட்டுப் பன்னீர் விட்டுப் பார்த்தேன். யுஸ்ரா முகர்ந்துவிட்டு, "ஏமாத்துற" என்று தள்ளிவிட்டாள்.

"அத்தை, அன்னிக்குப் பண்ணியே, அத பண்ணு."

"பண்ண மாட்டேன்."

"ஏன்?"

"அது சீக்கிரம் ஓடிப்போயிடும்டி. பாதி வழியில உன்ன விட்டுட்டுப் போயிடும். இது கூடவே இருக்கும்."

"நீ குடிப்பியா இத?"

"குடிச்சேன்."

"பொய்."

"ஸலூவா, இன்னொரு டம்ளர் குடு" என்றேன். தரையில் அவளுக்கு எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்து எனக்கும் கலக்கினேன். ஒரு மடக்குக் குடித்தேன். அவள் என் முகத்தை ஒரு அங்குலம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா?"

என் கையால் கலக்கிய ஒன்றை நன்றாக இல்லை என்று நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"கேவலமா இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்படிக் கேவலமா?"

"சுண்ணாம்பு மாதிரி. உன் முறை."

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடித்தாள். யோசித்தாள். "ஈரச் செருப்பு மாதிரி."

"கமேல் மாமா தாடி மாதிரி."

"இன்ஸ்பெக்டர் மூஞ்சி மாதிரி."

கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு டம்ளரும் காலியாகும்போது கைருவானில் நாங்கள் திட்டாத பொருள் ஒன்றும் மிச்சமில்லை. ஸலூவா வாசற்படியில் நின்றபடியே இருந்தாள். டம்ளரை எடுத்து வெளிச்சத்தில் தூக்கி அடியில் தங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அலாரம் வைத்த தன் போனை என் மடியில் வைத்தாள்.

"அடுத்தது ரெண்டு மணிக்கு. நான் கொஞ்சம் படுக்குறேன் மதினி."

ரெண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, அலாரம் அடிப்பதற்கு முன்பே, தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். உடம்புக்கு அந்த நேரம் பழகிப் போயிருக்கிறது. நாங்கள் ஏற்கெனவே டம்ளரோடு உட்கார்ந்திருந்தோம். யுஸ்ரா வாய் நிறைய மாவோடு, "அழுக்குச் சாக்ஸ்" என்றாள். ஸலூவா அவளைப் பார்த்தாள், பச்சைத் தண்ணீர் ஜாடியைப் பார்த்தாள், பற்றவைக்காத அடுப்பைப் பார்த்தாள். திரும்பிப் போய் மறுபடியும் படுத்துக்கொண்டாள்.